நீதிபதி லெமுவேலின் தமிழ்

அதிராம்பட்டினத்தில் தஹ்மீனா என்று கேட்டால் நாலைந்து வீட்டைக் காட்டுவார்கள். "டிவிக்கு எழுதுற தஹ்மீனா" என்று கேட்டால் ஒரே வீட்டைத்தான் காட்டுவார்கள். அந்த ஊர் வழக்கப்படி அது அவளுக்குச் சீராக வந்த வீடு. கணவர் நௌஷாத்துதான் அங்கே வந்து சேர்ந்தவர். மாடியில் ஒரு அறை, ஒரு மடிக்கணினி, காதில் மாட்டும் கருவி ஒன்று. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அவள் பத்துக் குரலில் பேசுவது தெருவரைக்கும் கேட்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் முதலில் கொஞ்சம் பயப்படுவார்கள், பிறகு பழகிவிடும்.

அவள் செய்வது மொழிமாற்றுத் தொடர்களுக்கு வசனம் எழுதும் வேலை. வேறு நாட்டில் யாரோ பேசி முடித்துவிட்ட வாய்க்குள் தமிழை வைக்க வேண்டும். அங்கே உதடு மூடினால் இங்கேயும் மூட வேண்டும். அங்கே மூச்சு விட்டால் இங்கேயும் விட வேண்டும். அதனால் எழுதிய ஒவ்வொரு வரியையும் திரையைப் பார்த்தபடி உரக்கச் சொல்லிப் பார்ப்பாள். உதட்டசைவில் உட்காரவில்லையென்றால் மாற்றுவாள். அஞ்சல்வழியில் ஆங்கிலம் முதுகலை முடித்து, சவூதியிலிருந்த வாப்பாவுக்கு வரும் கம்பெனிக் கடிதங்களைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்த பெண்ணுக்கு இப்படி ஒரு தொழில் இருப்பதே முப்பத்தைந்து வயது வரை தெரியாது. தெரிந்த பிறகு அவள் வேறு எதையும் தேடவில்லை.

வேலை கொடுத்தவர் அரசப்பன். திருத்துறைப்பூண்டிக்காரர். சென்னையில் நெடுங்காலம் டப்பிங் துறையில் இருந்தவர், ஊரடங்குக் காலத்தில் அங்கே எல்லாம் நின்றுபோனதும் தஞ்சாவூருக்குத் திரும்பி, மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் சொந்தமாக ஸ்டூடியோ போட்டார். சென்னைச் செலவில் பாதிகூட ஆகாது. குரலுக்கும் பஞ்சமில்லை. பட்டிமன்றம் பேசுகிறவர்கள், பண்பலையில் நேயர் விருப்பம் போடுகிறவர்கள், ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறவர்கள் என்று தஞ்சாவூரில் பேசத் தெரிந்தவர்களுக்கா குறைவு? அறுவடைக் காலத்தில் மட்டும் நெல் லாரிகள் வரிசையாகப் போகும்போது பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒலிப்பதிவு செய்யும் வானதி, சாலைக்குப் போகும் சன்னலைப் போர்வையால் அடைத்து வைத்திருந்தாள். ஓரளவு உதவியது.

நாலு வருடமாகத் தஹ்மீனா எழுதியதெல்லாம் கார்ட்டூன்களும் விலங்குகளைப் பற்றிய படங்களும்தான். சிங்கத்துக்கும் பேசும் ரயில் இஞ்சினுக்கும் வசனம் எழுதியிருக்கிறாள். மனிதர்களுக்கு எழுதியதில்லை. அப்படியிருக்கையில்தான் அந்த அமெரிக்கத் தொடர் வந்தது. தெற்கே ஒரு சிறு நகரம். அங்கே லெமுவேல் ஹார்ட் என்று ஒரு கறுப்பின நீதிபதி. அறுபது வயது. மனைவி இறந்துவிட்டார், மகள் வேறு ஊரில். முதல் ஐந்து பகுதிகளை அரசப்பனே எழுதிப் பதிவும் முடித்துவிட்டார். பிறகு அவருக்கு வேறு வேலை குவிந்தது. ஆறாவதிலிருந்து தஹ்மீனா எழுதலாம், பெயரும் போடலாம் என்றார்.

அவள் முதல் ஐந்தையும் உட்கார்ந்து பார்த்தாள். ஆங்கிலத்தில் ஒரு முறை, அரசப்பனின் தமிழில் ஒரு முறை. பார்த்து முடித்ததும் அடுத்த நாளே பஸ் ஏறித் தஞ்சாவூருக்கு வந்துவிட்டாள்.

"சார், லெமுவேலுக்கு ஏன் மெட்ராஸ் பாஷை?"

"அதாம்மா ஃபார்முலா. வெள்ளைக்காரன் பேசினா புஸ்தகத் தமிழ். கறுப்பா இருந்தா மெட்ராஸ் பாஷை. முப்பது வருஷமா சனங்க காது அப்படித்தான் பழகியிருக்கு."

"அவரு ஜட்ஜு சார்."

"ஜட்ஜுதான். இல்லேன்னு யாரு சொன்னா? லோக்கல் ஜட்ஜு."

வானதி சிரித்துவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்திருந்த ஜோசப்ராஜ் சிரிக்கவில்லை. லெமுவேலுக்குக் குரல் கொடுப்பவர் அவர்தான். கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், லுத்தரன் சபையில் வேதபாடம் வாசிக்கிறவர். கனத்த குரல், அவசரப்படாத குரல்.

"எனக்கு அந்த 'இன்னா'வே வரமாட்டேங்குதும்மா" என்றார் ஒலிவாங்கி வழியாக. "தஞ்சாவூர்க்காரன் நான் மெட்ராஸ்காரனா மாறி, அதுக்கப்புறம் அமெரிக்காக்காரனா மாறணும். ரெண்டு பஸ் மாறி ஊருக்குப் போற மாதிரி இருக்கு."

"நீங்க வாங்குற காசு ரெண்டு பஸ்ஸுக்கும் சேத்துதான் சோசப்பு" என்றார் அரசப்பன்.

விஷயம் சிரிப்போடு போயிற்று. ஆனால் தஹ்மீனா கவனித்த ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அந்தத் தொடரிலேயே மிகக் கவனமாகப் பேசுகிறவர் லெமுவேல்தான். மற்றவர்கள் பாதி வாக்கியத்தை விழுங்குவார்கள், இவர் ஒரு எழுத்தையும் விழுங்கமாட்டார். தன் வாயிலிருந்து ஒரு சொல் தவறி விழுந்தால் அது தன் கணக்கில் மட்டும் ஏறாது, தன்னைப் போன்ற எல்லோர் கணக்கிலும் ஏறும் என்று தெரிந்தவர் பேசுகிற பேச்சு அது. அந்த மனிதரிடமிருந்து அதைப் பிடுங்கிவிட்டு ஒரு கோமாளியின் பேச்சை அணிவித்தால் மிச்சம் என்ன இருக்கும்? சென்னைத் தெருக்களில் பேசப்படும் தமிழுக்கும் இதில் நியாயம் நடக்கவில்லை. அது மனிதர்கள் அழுவதற்கும் சண்டை போடுவதற்கும் பிள்ளையைக் கொஞ்சுவதற்கும் பேசுகிற பேச்சு. அதை ஒரு முகமூடியாக மட்டும் வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் அன்று அவளுக்கு இவ்வளவு தெளிவாக இருந்ததென்று சொல்ல முடியாது. தெளிந்தது திரும்பிப் போகும்போது, டவுன் பஸ்ஸில்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர் ஒருவர் அந்த பஸ்ஸில் ஏறினார். தோளில் பை, கையில் ஒரு தலைக்கவசம். எங்கோ வண்டி பழுதாகியிருக்கும். பின்னால் இருந்த இரண்டு இளைஞர்கள் கைபேசியைச் சத்தமாக வைத்தார்கள். "தீஞ்ச வாசன வருதா? அது நான்தாம்பா!" அரசப்பனின் முந்தைய தொடர் ஒன்றில் வரும் கறுப்பினச் சமையல்காரர் அடிக்கடி சொல்லும் வசனம் அது. மூலத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. அரசப்பன் தாமாகச் சேர்த்தது. அது ரீல்ஸில் ஊரெல்லாம் சுற்றியதில் அவருக்குப் பெருமையும் உண்டு. பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள். அந்த மாணவர் திரும்பிப் பார்க்கவில்லை. நடத்துநரிடம், "அண்ணே, புது பஸ் ஸ்டாண்டு வந்தா சொல்லுங்க" என்றார். நல்ல தமிழ். அதற்கும் சிரித்தார்கள். அவர் கேட்டதில் சிரிப்பதற்கு எதுவுமே இல்லை. அந்தச் சமையல்காரர் முன்பே அவரைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

மெட்ராஸ் பாஷை பேசும் லெமுவேலும் வெளிவந்தால் இந்த மனிதர் இன்னும் எத்தனை பஸ்ஸில் இந்தச் சிரிப்பைக் கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்தபடியே தஹ்மீனா பட்டுக்கோட்டை வண்டி ஏறினாள்.

ஆறாம் பகுதியில் ஒரு காட்சி இருந்தது. மொத்தத் தொடரும் அதன்மேல்தான் நின்றது. நீதிபதி மாலையில் தன் காரில் வீட்டுக்குப் போகிறார். நெடுஞ்சாலையில் ஓர் இளம் போலீஸ்காரன் நிறுத்துகிறான். இவர் யாரென்று அவனுக்குத் தெரியாது. சன்னலில் குனிந்து ஒரு சொல்லால் அவரைக் கூப்பிடுகிறான். அந்தச் சொல்லை இங்கே எழுத வேண்டியதில்லை. அடிமைச் சந்தையிலிருந்து வந்த சொல், அங்கே நாகரிகமானவர்கள் முழுதாக உச்சரிக்கவும் கூசுவார்கள். லெமுவேல் இரண்டு கையையும் ஸ்டீரிங் மேலேயே வைத்துக்கொண்டு, அமைதியாக, இது தன் கார் என்கிறார். நீதிபதி என்று சொல்வதில்லை. கடைசிவரை சொல்வதில்லை. பிறகு வீட்டுக்கு வந்து, வண்டி நின்ற பிறகும் இறங்காமல், கையை ஸ்டீரிங்கிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காட்சியில் வசனமே இல்லை.

அரசப்பன் உதவிக்காகத் தம் கையாலேயே அந்தக் காட்சியை எழுதி அனுப்பியிருந்தார். போலீஸ்காரன்: "டேய் கரிச்சட்டி, எறங்குடா கீழே!" லெமுவேல்: "இன்னா நைனா, நான் இன்னா தப்பு பண்ணேன்?"

தஹ்மீனா அதை வீட்டில் படித்துப் பார்த்தாள். நௌஷாத் போலீஸ்காரன், அவள் நீதிபதி. நௌஷாத் "கரிச்சட்டி" என்றதும், கல்லூரி விட்டு வந்து டீ குடித்துக்கொண்டிருந்த மகள் ஹுமைரா வாயிலிருந்த டீயைத் துப்பிவிட்டாள்.

"உம்மா, வாப்பா உங்களத்தான் சொல்றாங்க!"

"போடி" என்றாள் தஹ்மீனா. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதில் அவளை வீட்டில் கூப்பிட்டதே கருவாச்சி என்றுதான். உம்மா திட்டும்போதும் அதுதான், மடியில் போட்டுக்கொள்ளும்போதும் அதுதான். நிறத்தைச் சொல்லும் சொல் நம் வீடுகளில் வலிக்கத்தான் செய்கிறது, பெண் பார்க்க வரும் நாளில் நன்றாகவே வலிக்கும். ஆனாலும் அதைச் சுற்றி எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கிறது. லெமுவேலிடம் சொல்லப்பட்ட சொல்லில் சிரிப்பு கிடையாது. நீ ஒருவனுக்குச் சொந்தமான பொருள், உனக்கென்று ஒரு பொருள் சொந்தமாக இருக்க முடியாது என்று அந்தச் சொல் சொல்கிறது. இதைத் தமிழில் எந்தச் சொல் சொல்லும்? ஒரு சாதிப் பெயரை அந்த இடத்தில் போட்டால் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அது இன்னொருவர் புண்ணை எடுத்து இவர்மேல் ஒட்டுகிற வேலை. அதைக் கேட்கும் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

சொல் கிடைக்காமலே மறுநாள் மீண்டும் ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

"நீங்க எழுதினத என்னால போட முடியாது சார்."

அரசப்பன் கண்ணாடியைக் கழற்றினார். "சரி. நீங்க என்ன எழுதியிருக்கீங்க?"

"இன்னும் எழுதல."

"அப்ப எதுக்கு மாத்தணுங்கிறீங்க? பாருங்கம்மா, நான் ஒண்ணும் கல்லு இல்ல. சனிக்கிழமை கேட்பு இருக்கு. நீங்களும் எழுதுங்க. ரெண்டையும் போடுவோம். எது ஏறுதோ அது. ஆனா ஒண்ணு, உங்களுது ஏறலேன்னா இந்தத் தொடர் முச்சூடும் நானே எழுதிக்கிறேன். நீங்க திரும்பியும் சிங்கத்துக்கு எழுதுங்க."

கேட்பு என்பது அந்த ஸ்டூடியோவின் வழக்கம். ஒரு பகுதியை மும்பையிலுள்ள நிறுவனத்துக்கு அனுப்புமுன் சனிக்கிழமை மதியம் கீழேயுள்ளவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவார். டைல்ஸ் கடையில் பெட்டி இறக்குகிறவர்கள், அடுத்த கட்டிடத்தில் மெஸ் நடத்தும் மரியபுஷ்பம், வந்துபோகிற யாரானாலும் சரி. அரசப்பன் திரையைப் பார்க்கமாட்டார், அவர்கள் முகத்தைத்தான் பார்ப்பார். சிரித்தால் வசனம் நின்றது. கைபேசியை எடுத்தால் வசனம் விழுந்தது. வேறு அளவுகோல் அவரிடம் இல்லை.

அன்று மதியம் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஜோசப்ராஜ் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கார் சீனுதானம்மா பிரச்சினை?"

"ஆமாங்கண்ணே. போலீஸ்காரனைத் திட்டவிட்டா சிரிக்கிறாங்க. திட்டவிடலேன்னா காட்சியே இல்ல."

அவர் ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

"நான் ரிட்டையர் ஆனதும் ஒரு பழைய கார் வாங்குனேன். வெள்ளைக் கலர். வாங்குன கையோட ஊருக்கு ஓட்டிக்கிட்டுப் போனேன், அம்மாவுக்குக் காட்டலாம்னு. எங்க தெருவுக்குப் போகணும்னா மெயின் தெருவைத் தாண்டித்தான் போகணும். முக்குல ஒரு பையன் பைக்கைக் குறுக்க போட்டான். எம் புள்ளையவிடச் சின்னவன். அவங்க அப்பாவுக்கு பேங்குல நான்தான் லோன் எழுதிக் கொடுத்தேன். குனிஞ்சு பாத்தான். திட்டல. ஒரு வார்த்த கெட்ட வார்த்த இல்ல. 'யாரு வண்டிடா இது, சோசப்பு?'ன்னான்."

தஹ்மீனா கையை இலையிலிருந்து எடுத்துவிட்டாள்.

"நான் 'என் வண்டிதாங்க'ன்னேன். அந்த 'ங்க' எங்கேருந்து வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல."

மரியபுஷ்பம் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் சாப்புடாம என்னத்தப் பேசுறீங்க? சோறு நல்லா இல்லியா?" என்றார். "நல்லாத்தான் இருக்கு" என்று ஜோசப்ராஜ் ஒரு கவளம் எடுத்தார்.

"அண்ணே" என்றாள் தஹ்மீனா. "இதை நான் எழுதலாமா?"

அவர் மென்று விழுங்கிவிட்டுக் கேட்டார். "இங்கிலீசுல அந்த ஜட்ஜு என்ன சொல்றாரு?"

"'இது என் கார், ஆபீசர்'னு."

"கெஞ்சுறாரா?"

"இல்ல. மரியாதையாத்தான் சொல்றாரு. கெஞ்சல."

"அப்ப எழுதுங்க. ஆனா பதில் அவரு சொன்னதா இருக்கட்டும். நான் சொன்னது வேணாம்."

அன்றே ஸ்டூடியோவில் உட்கார்ந்து எழுதினாள். போலீஸ்காரன் காரின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டுகிறான், குனிகிறான். "யாரு வண்டிடா இது?" உதட்டசைவில் சரியாக உட்கார்ந்தது. லெமுவேல்: "இது என் வண்டி, ஆபீசர்." மற்ற இடங்களில் நீதிபதி பேசுவதையெல்லாம் தேய்த்துத் தேய்த்து எழுதினாள். புத்தகத் தமிழாகவும் போய்விடக் கூடாது, கோர்ட்டிலும் பேச வேண்டும், மகளிடம் போனிலும் பேச வேண்டும். படித்த, தனியாக வாழ்கிற, வார்த்தையை அளந்து பேசுகிற ஒரு பெரிய மனிதர் இந்தப் பக்கத்தில் எப்படிப் பேசுவாரோ அப்படி.

பதிவின்போது ஒரு சிக்கல். மற்ற எல்லா வரியையும் ஜோசப்ராஜ் ஒரே முறையில் முடித்தார். அந்த ஒரு வரி வரவில்லை. ஒவ்வொரு தடவையும் "இது என் வண்டிங்க, ஆபீசர்" என்றே வந்தது.

"அண்ணே, 'ங்க' விழுதுண்ணே" என்றாள் வானதி.

"விழுதா? இன்னொரு வாட்டி."

மறுபடியும் விழுந்தது. வெளியே ஒரு நெல் லாரி திணறிக்கொண்டு போக, வானதி நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினாள். அந்த இடைவெளியில் ஜோசப்ராஜ் தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றார். வேதபாடம் வாசிக்கும்போது அவர் நின்றுதான் வாசிப்பார். லாரி போனது. "போடும்மா" என்றார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"இது என் வண்டி, ஆபீசர்."

வானதி பொத்தானை அழுத்தி நிறுத்தினாள். "ஓகேண்ணே" என்றாள். பிறகு, "சூப்பர்ண்ணே" என்றாள்.

சனிக்கிழமை கேட்புக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். டைல்ஸ் கடை ஆட்கள் தரையில் உட்கார்ந்தார்கள், மரியபுஷ்பத்துக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தஹ்மீனா சுவரோரமாக நின்றாள். முதலில் அரசப்பன் எழுதியதைப் போட்டார்கள். அதற்கென்று ஜோசப்ராஜ் அதையும் பேசிக் கொடுத்திருந்தார்.

"கரிச்சட்டி" வந்தது. அறை அதிர்ந்தது. "நைனா" வந்தது. இன்னும் அதிர்ந்தது. "அவன் மூஞ்சியப் பாரேன்!" என்றார் ஒருவர். அரசப்பன் தஹ்மீனாவைத் திரும்பிப் பார்த்தார், அதில் எகத்தாளம் இல்லை, நான் சொன்னேனே என்பதுபோல ஒரு பார்வை. பிறகு லெமுவேல் வீட்டுக்கு வந்து காரிலேயே உட்கார்ந்திருக்கும் காட்சி வந்தது. அதில் வசனம் இல்லை என்பதால் அதில் யாரும் எதையும் மாற்றியிருக்கவில்லை. ஓர் அறுபது வயது மனிதர் அழாமலிருக்கப் பாடுபடுகிறார், அவ்வளவுதான். அதற்கும் சிரித்தார்கள். "எறங்கத் தெரியாம மாட்டிக்கிட்டான்டா!" என்று ஒரு குரல்.

அரசப்பனின் முகத்தில் ஏதோ ஒன்று சுருங்கியதைத் தஹ்மீனா பார்த்தாள். அந்த இடத்தில் சிரிப்பை அவரும் எதிர்பார்க்கவில்லை.

டீ வந்தது. குடித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதைப் போட்டார்கள்.

தொடக்கத்தில் கொஞ்சம் சலசலப்பு இருந்தது. என்ன இது, அதே ஆள் வேற மாதிரி பேசுறான் என்றார்கள். பிறகு சாலை வந்தது. போலீஸ்காரன் இறங்கி நடந்து வந்தான். கூரையில் தட்டினான். குனிந்தான்.

"யாரு வண்டிடா இது?"

ஒருவரும் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் காலை மடக்கி நேராக உட்கார்ந்தார். யாரும் கைபேசியை எடுக்கவில்லை, டீ கிளாஸைக் கீழேயும் வைக்கவில்லை. திரையில் லெமுவேலின் இரண்டு கைகளும் ஸ்டீரிங் மேல் இருந்தன.

"இது என் வண்டி, ஆபீசர்."

போலீஸ்காரன் நம்பாமல் காகிதங்களைக் கேட்கிறான். இவர் கொடுக்கிறார். அவன் புரட்டுகிறான்.

"ஜட்ஜுன்னு சொல்லுங்களேன்யா!" மரியபுஷ்பம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "வாயத் தொறந்து சொல்லுங்களேன்! ஒரு வார்த்த சொன்னா அவன் டவுசரு நனைஞ்சிடாது?"

"அவரு சொல்லமாட்டாருக்கா" என்றார் பெட்டி இறக்குகிறவர். "சொன்னா அப்ப ஜட்ஜா இல்லாதவனை நிறுத்தலாம்னு ஆயிடும்ல?"

"நீ சும்மா இரு. அவரே சொல்லட்டும்."

சற்று முன்புவரை அவன் என்றிருந்தவர் இப்போது அவர் ஆகியிருந்தார். யாரும் அவர்களிடம் மரியாதை கொடுக்கச் சொல்லவில்லை. காட்சியில் ஒரு பிரசங்கமும் இல்லை. தெரிந்த கேள்வி ஒன்றைத் தெரியாத மனிதரிடம் கேட்டார்கள், உடனே அவர் தெரிந்தவராகிவிட்டார். கலைக்கு இதற்குமேல் என்ன சக்தி இருக்கிறதென்று யாராவது சொன்னால் சற்றுச் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். ஆனால் இந்த அளவுக்கு உண்டு.

கார் வீட்டுக்கு வந்து நின்றது. லெமுவேல் இறங்கவில்லை.

"எறங்கி வாங்கய்யா" என்றார் மரியபுஷ்பம், திரையிடம், ரொம்ப மெதுவாக. "வீட்டுக்குத்தான் வந்துட்டீங்கல்ல."

விளக்கைப் போட்டார்கள். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பெட்டி இறக்குகிறவர் போகும்போது ஜோசப்ராஜைப் பார்த்து, "அண்ணே, அது உங்க குரலா?" என்று கேட்டுவிட்டு, கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜோசப்ராஜ் தலையாட்டினார்.

அரசப்பன் நாற்காலியிலேயே இருந்தார்.

"ஒருத்தர்கூடச் சிரிக்கல" என்றார்.

அவருடைய அளவுகோலில் அது தோல்வி என்பது தஹ்மீனாவுக்குத் தெரியும்.

"ஆமா சார். சிரிக்கல."

"போனையும் எடுக்கல." அவர் கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "அது எங்க தெருவுல கேக்குற கேள்விம்மா. நான் வளர்ந்த தெருவுல. வழியில போறவங்ககிட்ட தினம் கேப்பாங்க. இத்தனை வருஷமா ஆயிரம் பேருக்கு வசனம் எழுதியிருக்கேன், அதை எங்கேயும் எழுதணும்னு எனக்குத் தோணல பாருங்க."

வானதி தேவையில்லாமல் ஒரு கம்பியைச் சுருட்டினாள்.

"ஆறாவது எபிசோடு இதுதான்" என்றார் அரசப்பன். "ஆனா ஒரு சங்கடம். அஞ்சு எபிசோடு நைனான்னு பேசினவரு ஆறாவதுல இப்படிப் பேசினா பாக்குறவன் என்ன நினைப்பான்?"

"ஆறையும் நைனா ஆக்கிடலாமா சார்?" என்றாள் வானதி.

"வாயில அடி. அந்த அஞ்சைத் தூக்கணும்னு சொல்றேன்." அவர் தஹ்மீனா பக்கம் திரும்பினார். "திரும்ப எழுதுவீங்களா? முதல்லேருந்து? நாள் ரொம்ப இல்ல."

"எழுதுறேன் சார்."

"சோசப்பு, திரும்பப் பேசணும்."

"ஒரே பஸ்னா எங்கே வேணும்னாலும் வர்றேன்" என்றார் ஜோசப்ராஜ். அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது.

மும்பைக்காரர்களிடம் பேசுவது அவ்வளவு சுலபமாக இல்லை. மூலத்தில் இருக்கிற வசைச்சொல் தமிழில் எங்கே, அதை விட்டுவிட்டீர்களா, மூலத்தைப் பூசி மெழுகுகிறீர்களா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தஹ்மீனா ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அந்தச் சொல் அந்த மனிதரை என்ன செய்கிறதோ அதை எங்கள் ஊரில் இந்தக் கேள்வி செய்யும், சொல்லை மட்டும் கொண்டுவந்தால் அது இங்கே வேடிக்கையாகிவிடும், வேடிக்கையானால்தான் மூலத்தைப் பூசி மெழுகியதாகும் என்றாள். பிறகு இந்தி, தெலுங்கு எழுதுகிறவர்களுக்கும் இந்தக் காட்சியின் குறிப்பை அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். அரசப்பன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கூரையைப் பார்த்துப் பெரிதாகச் சிரித்தார். அழைப்பு முடிந்ததும், "முதல் அஞ்சுக்கும் உங்க பேரே போகட்டும்மா" என்றார். "என் பேரு அந்தச் சமையல்காரன்கிட்ட மாட்டிக்கிட்டே இருக்கட்டும். அந்த வரியையும் தூக்கச் சொல்லிக் கேட்டுப் பாக்குறேன். ரீல்ஸ்லேருந்து தூக்க முடியாது, அது போனது போனதுதான்."

அவள் ஐந்து பகுதியையும் எழுதினாள். வீட்டில் யாரும் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. நௌஷாத் சமைத்தார், சுமாராக. ஹுமைரா மாடிப்படியில் உட்கார்ந்து கதவு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், சிரிக்கவில்லை.

முதல் பகுதியின் பதிவு ஒரு புதன்கிழமை காலையில் தொடங்கியது. அன்று வானதி சன்னல் போர்வையைக் கழற்றித் துவைக்கப் போட்டிருந்தாள், லாரிகள் ஓய்ந்திருந்தன. திரையில் நீதிமன்றம். பக்கவாட்டுக் கதவு திறந்து லெமுவேல் ஹார்ட் கறுப்பு அங்கியில் உள்ளே வருகிறார். அறை முழுக்க எழுந்து நிற்கிறது. வழக்கறிஞர்கள், காவலர்கள், நகரத்தின் பெரிய மனிதர்கள், எல்லோரும். பழைய பதிவில் இந்த இடத்தில் அவர், "குந்துங்கப்பா, குந்துங்க" என்று சொல்லியிருந்தார். ஆங்கிலத்தில் அவர் ஒன்றும் அப்படிச் சொல்லவில்லை. தாமதிக்காமல், சத்தமும் போடாமல், ஒரு சொல் சொல்கிறார், அறை உட்காருகிறது.

ஜோசப்ராஜ் நின்றுகொண்டிருந்தார். தஹ்மீனா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து திரையைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. லெமுவேலின் உதடு அசைந்தது.

"உட்காரலாம்."

அறை உட்கார்ந்தது. நின்றுகொண்டிருந்த அரசப்பனும் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து, தன்னையறியாமல், உட்கார்ந்தார்.